கெபித் தெருவில் எல்லாரும் அந்தோணி

நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அலமாரியில் கிடந்த பழைய ஊர் டைரக்டரிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். தாத்தா எந்தத் தெருவில் இருந்தார், பூட்டன் என்ன தொழில் பார்த்தார் என்று தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்களாம். கனடாவிலிருந்தெல்லாம் கேட்டு எழுதுகிறார்களாம். டைரக்டரியை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் எதற்கு, அச்சில் இருப்பதை அப்படியே நம்பாதே என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த டைரக்டரிக்குப் பெயர் சேர்க்க வெயிலில் தெருத் தெருவாக அலைந்தவள் நான். ஒரு வரியில் விட எனக்கு மனசு வரவில்லை.

ஊர் டைரக்டரி என்றால் டெலிபோன் டைரக்டரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பதுகளில் தூத்துக்குடியில் டெலிபோன் வைத்திருந்தவர்களை ஒரு தாளில் அடக்கிவிடலாம். இது வேறு. தெருவாரியாக, கதவு எண் வரிசையில், குடும்பத் தலைவர் பெயரும் தொழிலும் போட்டிருக்கும். பின்பக்கங்களில் கப்பல் ஏஜென்டுகள், உப்பளக்காரர்கள், வக்கீல்கள், மூலத்துக்கு மருந்து விற்பவர்கள். வியாபாரிகள் காசு கொடுத்து வாங்குவார்கள். மற்றவர்கள் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க இரவல் வாங்குவார்கள்.

எனக்குச் சாத்தான்குளம் பக்கம். அப்பா சர்ச்சில் உபதேசியார். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். அந்த 'வரை' நான் ரிட்டயராகும்வரை நீண்டுவிட்டது. யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காமல் டைரக்டரி நின்றுபோயிருந்தது. யுத்தம் முடிந்ததும் மறுபடி போடத் தொடங்கினார்கள். பெயர் சேர்க்கப் போன ஆண்களுக்கு எல்லா வீட்டிலும் ஆம்பிளையாள் வீட்டில் இல்லை என்ற ஒரே பதில், ஒரே கதவுச் சத்தம். அடுப்படி வரை போகக்கூடிய ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். பயிற்சி ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காராதே, காப்பி கொடுத்தால் குடிக்காதே. இரண்டையும் முதல் வீட்டிலேயே மீறினேன்.

பயிற்சி கொடுத்தவர் எங்கள் மேனேஜர் சொக்கலிங்கம் பிள்ளை. நெற்றி நிறைய விபூதி, கையில் எப்போதும் மடக்கிய குடை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் விரிக்க மாட்டார். விரித்தால் துணி நைந்துபோகுமாம். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆள் வருவான் போவான், கதவு எண்தான் நிலையானது என்பது அவருடைய வேதம். நான் குடியிருந்த வீட்டின் எண் நாற்பத்தொன்று. ஆகவே நான் நாற்பத்தொன்று. அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் எட்டு. கோபம் வந்தால் தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்.

அவருக்கு டைரக்டரிதான் ஊர். தெருவில் இருப்பது அதன் நகல், அவ்வளவுதான். ஒரு தடவை உப்பு வியாபாரி ஒருவர், போன பதிப்பில் தன் பெயர் விட்டுப்போய்விட்டது என்று சண்டைக்கு வந்தார். பிள்ளை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் அந்தத் தெருவில் இல்லை என்றார்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க முன்னாலதான நிக்கேன்" என்றார் வியாபாரி.

"நிக்கீங்க. எந்தக் கதவு நம்பர்ல நிக்கீங்கங்கதுதான் கேள்வி" என்றார் பிள்ளை.

கடைசியில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து அவர் இருப்பதாகச் சாட்சி சொன்ன பிறகுதான் அடுத்த பதிப்பில் அவருக்கு இடம் கிடைத்தது.

தெருவில் எனக்குக் கிடைத்த அனுபவங்களை எழுதினால் அது தனிப் புத்தகம். கையில் பையும் பென்சிலுமாகப் போனால் அம்மை குத்த வந்தவள் என்று பிள்ளைகள் புறக்கடை வழியாக ஓடும். ரேஷன் ஆபீஸ் ஆள் என்று நினைத்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், கல்யாணமாகிப் போன மகளையும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் சேர்த்துச் சொல்வார்கள். முனிசிபாலிட்டி வரி என்று நினைத்த வீட்டில் ஆளே இருக்காது. திண்ணையில் படுத்திருப்பவர்கூட விருந்தாளி. தொழில் என்று கேட்டால் அதைவிடக் கூத்து. ஒற்றை மாட்டு வண்டிக்காரர் 'போக்குவரத்து' என்று போடச் சொன்னார். ஒரு வேலையும் செய்யாதவர்கள் எல்லாரும் மிராசுதார்கள்.

செத்துப்போனவர்களை எடுக்கவே விடமாட்டார்கள். ஒரு வீட்டில் நான் பென்சிலால் அடித்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அது பாட்டுக்கு அங்கன இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்கு என்றார்கள். நான் அழித்ததைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். டைரக்டரியின்படி உங்கள் பூட்டன் நூற்றுப் பத்து வயது வாழ்ந்திருந்தால், பூட்டிக்கு அவரை அனுப்பிவைக்க மனசு வரவில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் சில்லறை. பெரிய கஷ்டம் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டு வாங்குவதுதான். ஆண்கள் கடலுக்கோ துறைமுகத்துக்கோ போயிருப்பார்கள். வீட்டில் இருப்பது மனைவி. புருஷன் பெயரை மனைவி சொல்லக்கூடாது, மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. சொன்னால் அவர்கள் ஆயுசுக்கு ஆகாது. ஆகவே ஜாடைதான். ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டால் ஆறுமுகம். எங்கள் புராட்டஸ்டன்ட் வேதக்கார வீடுகளில் சுரூபம் என்கிற சிலை கிடையாது, பைபிள் உண்டு. பேழை கட்டினவர் என்பார்கள், சிங்கக் கெபியில் போட்டும் சாகாதவர் என்பார்கள். நோவா, தானியேல் என்று நான் படபடவென்று எழுதிவிடுவேன். கடற்கரைத் தெருக்களில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். கோயில் சுரூபங்களின் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஜாடை. எங்கள் அப்பாவோ சுரூபத்தை ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது என்று என்னை வளர்த்தவர்.

அதற்கும் பிள்ளை வழி வைத்திருந்தார். தன் மேஜைக்கு மேலே ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார். சாவி என்றால் இராயப்பன். வாள் என்றால் சின்னப்பன். தராசும் இறக்கையும் மிக்கேல். உடம்பெல்லாம் அம்பு என்றால் செபஸ்தியான். கையில் குழந்தை, கூடவே லீலிப்பூ என்றால் அந்தோணி. அவர் சின்ன வயதில் பெயர் சேர்க்கப் போன காலத்திலேயே தன் கைப்பட எழுதிய அட்டை. அதை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கடற்கரைப் பக்கம் காலெடுத்து வைக்கவேண்டும். இன்னொரு கண்டிப்பும் உண்டு. நாமாக ஒரு பெயரைச் சொல்லி இதுவா என்று கேட்கக்கூடாது. வந்த ஆளிடம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு நம் ஜனங்கள் எதற்கும் ஆமாம் போட்டுவிடுவார்களாம். அது உண்மைதான்.

பர்மாவில் குண்டு விழுந்து, நடந்தும் கப்பலிலுமாக ஊர் திரும்பியவர்கள் அப்போது நிறையப் பேர். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். தாத்தா வீட்டுக்கு எதிரே ஒரு கிணறு இருந்ததாம், அப்பா பிறந்த தெருவில் ஒரு ஐஸ் கம்பெனி இருந்ததாம் என்று அரைகுறை ஞாபகத்தோடு அச்சகத்துக்கு வருவார்கள். பழைய டைரக்டரிகள் எங்களிடம்தான் இருந்தன. அவர்களுக்குத் தேடிக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பிள்ளை அதற்கும் முறை சொல்லிக் கொடுத்தார். பெயரிலிருந்து தொடங்காதே, தெருவிலிருந்து தொடங்கு. அந்த வீட்டைப் பார்க்குமுன் இரண்டு பக்கத்து வீடுகளையும் பார். ஒரு வருஷப் புத்தகத்தோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் போ. இந்த முறை இன்றைக்கும் செல்லும். கம்ப்யூட்டர் பிள்ளைகளே, எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பிலோமியின் கதை. ஒருநாள் காலையில் தண்டல் மிக்கேல் அச்சகத்துக்கு வந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மகன் செபஸ்தியான், அதே தோணியில் வேலை. அவனுக்குப் பின்னால் பிலோமி என்ற பெண். பெண்ணுக்குப் பின்னால் அவள் அம்மா மோனிக்கம்மா. நான்கு பேரும் அதே வரிசையில் உள்ளே வந்து அதே வரிசையில் நின்றார்கள்.

பிலோமியும் அம்மாவும் ரங்கூனிலிருந்து வந்தவர்கள். வரும் வழியில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். துறைமுகத்து வாசலில் ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைத்தார்கள். கரைக்கு வரும்போதெல்லாம் அங்கே ஆப்பம் தின்னப்போன செபஸ்தியான், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் வந்து நின்றான்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆப்பமும் நல்ல ஆப்பம்" என்றார் தண்டல். "ஆனா யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ரங்கூன்ல இருந்து வந்துச்சுன்னா? அரிசி மூடையும்தான் ரங்கூன்ல இருந்து வருது."

அவள் தாத்தா யார், எந்த வீடு என்று தெரிந்தால் கோயில் சாமியாரிடம் போய்க் கல்யாணத்துக்குப் பெயர் கொடுப்பார். தெரியாவிட்டால் மச்சான் மகளைப் பேசி முடிக்க அவர் வீட்டம்மா தாம்பாளத்தைத் துலக்கி வைத்திருந்தார்கள். இதுதான் நிலைமை.

பிலோமிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவின் அப்பா முத்துக் குளிக்கிறவர், கெபித் தெருவில் இருந்தவர். அப்பா எப்போதும் 'எங்கப்பா' என்றே சொல்வாராம், பெயர் சொன்னதில்லை. பெயர் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் மாமனார் பெயர். அந்த அம்மாள் மாமனாரைப் பார்த்ததுகூடக் கிடையாது. ரங்கூனிலேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாமனார் இறந்தும் பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தும் வாய் திறக்கவில்லை.

"சொன்னா வானம் இடிஞ்சு விழுந்துரும்னு நெனைக்காக" என்று பிலோமி என்னிடம் பொரிந்தாள். "ரங்கூன்ல வானமே இடிஞ்சு விழுந்துச்சு. அப்பவும் எங்கப்பாவ 'ஏங்க, ஏங்க'ன்னுதான் தேடுனாக. அம்புட்டுக் கூட்டத்துல எத்தன ஏங்க இருப்பாக? பேரச் சொன்னா என்னக்கா? செபஸ்தியான், செபஸ்தியான், செபஸ்தியான். இப்ப என்ன ஆச்சு? கல்யாணத்துக்குப் பொறவும் நான் தெருவுல நின்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன்."

தண்டல் இருமினார். செபஸ்தியான் மோட்டு ஓட்டை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிலோமி தானே அம்மாவிடம் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். இராயப்பனா, சின்னப்பனா, அந்தோணியா? எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள் தலையை ஆட்டி மறுத்தார்கள். சூசையா என்று கேட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள். பிள்ளையே அது சாட்சிதான் என்று ஒத்துக்கொண்டார்.

முன்பு முத்துக்குளிப்பு நடந்த வருஷத்து டைரக்டரியை எடுத்து நான் கெபித் தெருவைப் புரட்டினேன். முத்துக் குளிப்பவர் ஒருவர் இருந்தார். பெயர் அந்தோணி. பக்கத்து வீடும் அந்தோணி. எதிர்வீடும் அந்தோணி. தெரு முழுக்க அந்தோணிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னும் பின்னும் உள்ள வருஷங்களையும் பார்த்தேன், சூசை ஒருவர்கூட இல்லை.

"அச்சுல இல்லாத ஆளு எப்படிம்மா தெருவுல இருந்திருப்பாரு?" என்றார் தண்டல். ஏளனமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பிள்ளை, டைரக்டரி தப்பாது என்றார். பிலோமி அழவில்லை. இன்னொரு தடவை பாருங்கக்கா என்றாள். பார்த்தேன். தன்மேல்தான் தப்பு என்பதுபோல மோனிக்கம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் கொழும்புக்குப் பாய் எடுக்கவேண்டும், திரும்பி வருவதற்குள் வேறு ஏதாவது தெரிந்தால் சரி, இல்லையென்றால் மச்சான் மகள்தான் என்று சொல்லிவிட்டுத் தண்டல் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதே வாரம் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா இடது கையைத் தொட்டில் மாதிரி வளைத்துக் காட்டினார்கள், வலது கையால் பூப் பிடித்துக் காட்டினார்கள், பிறகு மோவாயைச் சொறிந்துகொண்டார்கள். நான் அட்டையை மனசில் ஓட்டி அந்தோணி என்று எழுதினேன். புறக்கடையில் குளித்துக்கொண்டிருந்த அவர் புருஷன் தலையைத் துவட்டியபடி வந்து எட்டிப் பார்த்தார். "எம் பேரு சூசைல்லா" என்றார்.

"நாந்தான் தாடியத் தடவிக் காட்டுனேனே?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒங்களுக்குச் சூசையப்பரத் தெரியாதா?"

தெரியாது. சொறிகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கிருந்து நேராகக் கோயிலுக்குள் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. அப்பாவை நினைத்துப் பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். ஒருபக்கம் அந்தோணியார், கையில் குழந்தை, லீலிப்பூ, மழுமழு முகம். மறுபக்கம் சூசையப்பர், எங்கள் பைபிளில் யோசேப்பு என்று வருகிறவர், கையில் குழந்தை, லீலிப்பூ, அழகான தாடி. வெளியே வந்து தெருமுனையில் நின்று பார்த்தேன். கெபித் தெருவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த கெபி அங்கேதான் இருக்கிறது, பாறைக் குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில். அதற்குள் நிற்பவர் அந்தோணியார் மட்டும். சூசையப்பர் கோயிலுக்குள் இருக்கிறார். ரோட்டில் நிற்பவருக்குத் தெரிய மாட்டார்.

அச்சகத்துக்கு ஓடி அந்த வருஷத்துப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். கெபித் தெரு மட்டுமில்லை, கடற்கரைத் தெரு எதிலும் சூசை என்ற பெயரே கிடையாது. இந்தக் கரையில் கல்லெறிந்தால் ஒரு சூசைமேல்தான் விழும். அந்த வருஷம் அந்தத் தெருக்களில் பெயர் சேர்த்தவர் யார் என்று முதல் பக்கத்தைப் பார்த்தேன். சொக்கலிங்கம் பிள்ளை என்று அச்சிட்டிருந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று அரைநாள் யோசித்தேன். கடைசியில், நான் ஒரு வீட்டில் பட்ட அவமானத்தை மட்டும் சொன்னேன். அவர் அட்டையை ஒரு தடவை பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு, "நாற்பத்தொன்று, வாரும்" என்று கிளம்பினார்.

நெற்றி நிறைய விபூதியோடு அவர் கோயிலுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து என்னிடம் ரகசியமாக, ஐயா நம்ம வேதத்துக்கு வாராகளா என்று கேட்டார். நான் இல்லை, கணக்குப் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். பிள்ளை முதலில் அந்தோணியார் முன்னால் நின்றார். பிறகு சூசையப்பர் முன்னால். திரும்ப அந்தோணியார். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர் சரிபார்க்கிற மனுஷன். வெளியே வந்தவர் கெபியைக் காட்டினார்.

"அன்னைக்கு ஜாடையைக் கேட்டுக்கிட்டு, சந்தேகத்துக்கு இங்கன வந்து இவரைப் பார்த்துத்தான் எழுதினேன். உள்ள இன்னொருத்தர் இருப்பாருன்னு எனக்கு யாரு சொன்னா?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "தாடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அச்சகம் வரை அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். வெயில்கூட இல்லை. பாவம், முகத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

தோணி திரும்பியதும் தண்டலுக்கு ஆள் அனுப்பினார். தண்டல் வந்தார், மகனும் வந்தான். பிலோமியையும் அம்மாவையும் நான் கூட்டி வந்திருந்தேன். புதிதாக என்ன தெரிந்தது என்று தண்டல் கேட்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டு, அவருடைய அப்பா எந்தத் தெருவில் இருந்தார், கதவு எண் என்ன, பெயர் என்ன என்று கேட்டார்.

தண்டல் தெருவையும் எண்ணையும் சொல்லிவிட்டு, "சூசை. ஊருக்கே தெரியுமே" என்றார்.

பிள்ளை அந்தப் பக்கத்தை விரித்து என்னைப் படிக்கச் சொன்னார். கதவு எண் சரியாக இருந்தது. தொழில் தோணி வேலை என்று சரியாக இருந்தது. பெயர் அந்தோணி. தண்டலின் முகம் சிவந்தது.

"எந்தப் பய எழுதுனது இது? எங்கப்பா பேர மாத்தி எழுதுததுக்கு அவன் யாரு?" என்று மேஜையைத் தட்டினார்.

"நாந்தான்" என்றார் பிள்ளை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னார். "தப்பு என்னோடது. தெருவுல சூசை இருந்தாக. புஸ்தகத்துல ஏறல. உங்க அப்பாவுக்கு என்ன நடந்துதோ அதுதான் இந்தப் பெண்ணோட தாத்தாவுக்கும் நடந்துருக்கு. அந்த முத்துக் குளிக்கிற அந்தோணி, சூசைதான்."

அச்சு தப்பு என்று அந்த மனுஷன் வாயால் சொல்லிக் கேட்டது எனக்கு என்னவோ போலிருந்தது. கம்பாசிட்டர் எட்டு தன் கையிலிருந்த ஈய எழுத்தைக் கீழே போட்டுவிட்டார்.

தண்டல் மெதுவாக உட்கார்ந்தார். கோபம் இறங்கிவிட்டது, சந்தேகம் இறங்கவில்லை. சூசை என்றால் எத்தனையோ சூசை, இது எந்தச் சூசை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிலோமி அம்மாவைப் பார்த்தாள். எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அந்த அம்மாள் ஏதோ பெரிய பாவத்தைச் சொல்லப்போகிறவர்கள் மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மாமாவப் பத்திக் கொறையா ஒண்ணு சொல்லக்கூடாது" என்றார்கள். "அவுகளுக்குக் காது கேக்காதாம். முத்துக் குளிச்சுக் குளிச்சுக் காது போயிட்டாம். கோயில்ல எல்லாரும் ஒரு பாட்டப் பாடி முடிச்ச பொறவு, அவுக மட்டும் தனியா கடைசி வரியப் பாடிக்கிட்டு நிப்பாகளாம். இவ அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

தண்டல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"செவிடரு" என்றார். "ஏ யம்மா, செவிடரு பேத்தியா இது? அவருக்குச் சூசைன்னு ஒரு பேரு இருந்ததே எனக்கு இன்னைக்குத்தான தெரியும். எங்கப்பால்லா அவருக்குக் கயிறு பிடிச்சது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முத்துக் குளிக்கிறவர் இடுப்பில் கயிறு இருக்கும். மறுமுனை தோணியில் ஒருவர் கையில். கீழே மூச்சு முட்டினால் கயிற்றை இழுத்துச் சொல்வார், மேலே இருப்பவர் உடனே தூக்கவேண்டும். ஒரு கணம் பராக்குப் பார்த்தால் ஆள் கிடையாது. யாரை நம்பி அந்தக் கயிற்றைக் கொடுப்பது என்பதில் அவர்கள் மிகவும் கவனமாக இருப்பார்கள்.

"எங்கப்பா கையில உசிரக் குடுத்துட்டுக் கடல்ல எறங்குன மனுசன்" என்றார் தண்டல். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல நான் என்னத்த விசாரிக்க. ஏலே, இன்னும் என்ன மேல பாத்துக்கிட்டு நிக்க? போய்ச் சாமியார்ட்ட பேரக் குடு."

செபஸ்தியான் படியில் தடுக்கிக்கொண்டு ஓடினான். மச்சான் மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பதிப்பில் டைரக்டரியின் முதல் பக்கத்தில் பிள்ளை ஒரு திருத்தம் போட்டார். கடற்கரைத் தெருக்களில் முன்பு அந்தோணி என்று அச்சானவர்களில் பலர் சூசை என்றும், குடும்பத்தார் பொறுத்தருள வேண்டும் என்றும். உள்ளே அத்தனை சூசைகளையும் கோக்க 'சூ' எழுத்துப் பற்றாமல், கம்பாசிட்டர் எட்டு போய் வேறொரு அச்சகத்தில் கடன் வாங்கி வந்தார். சுவரில் இருந்த அட்டையில் தாடி ஏறியது. பிள்ளை அதற்குப் பிறகு என்னை எஸ்தர் என்று கூப்பிடத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை. கடைசிவரை நாற்பத்தொன்றுதான்.

அடுத்த பதிப்புக்குப் பெயர் சேர்க்க நான் கடற்கரைப் பக்கம் போனபோது புதிதாக ஓடு மாற்றிய ஒரு வீட்டில் பிலோமி கதவைத் திறந்தாள். வயிறு மேடு தட்டியிருந்தது. உள்ளே மோனிக்கம்மா ஆப்பச்சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆப்பம் வந்தது, தின்றேன். தின்றபிறகு முறைப்படி பென்சிலை எடுத்து, குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டேன். அச்சகமே அதிரும்படி பெயர் சொன்னவள் அல்லவா, மூன்று தடவை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விரலால் நெஞ்சில் ஒரு குத்து, விலாவில் ஒரு குத்து, தொடையில் ஒரு குத்து என்று அம்பு தைத்துக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏளா, வானம் இடிஞ்சு விழுந்துருமோ?" என்று கேட்டேன்.

"விழாதுக்கா" என்றாள். கடல் பக்கமாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஆனா அவுக தோணியில போயிருக்காகல்லா."

செபஸ்தியான் என்று சத்தமில்லாமல் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.